ஞானஸ்நான வகுப்பு மேசையில் ஓ.வி. வேதாகமம்: எங்கே கைகொடுக்கிறது, எங்கே சறுக்குகிறது

சபைக்குப் புதிதாக வருபவருக்கு ஆறு வாரமோ எட்டு வாரமோ அடிப்படை உபதேசம் சொல்லிக்கொடுக்க உட்காரும்போது மேசையில் எந்தத் தமிழ் வேதாகமம் இருக்க வேண்டும்? பெரும்பாலான சுவிசேஷ சபைகளில் இதைக் கேள்வியாகவே யாரும் எடுப்பதில்லை. இந்திய வேதாகமச் சங்கம் வெளியிடும் ஓ.வி.தான் (‘ஓல்ட் வெர்ஷன்’, அதாவது பழைய மொழிபெயர்ப்பு). ஹென்றி பவர் தலைமையில் நடந்த மொழிபெயர்ப்பு, 1871-ல் முழுமையாக வந்தது. ஒன்றரை நூற்றாண்டு தாண்டியும் பிரசங்க மேடையை விட்டு இறங்கவில்லை. பாராயணம் செய்ய அதற்கு இணை கிடையாது. ஆனால் உபதேசம் கற்பிக்கும் கருவியாக அது எப்படி? இந்த மதிப்பீடு அந்த ஒரு கோணத்தில் மட்டும்.

அளவுகோல் ஒன்று வேண்டும். 1989-ல் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் டேவிட் பெபிங்டன் சுவிசேஷ கிறிஸ்தவத்தின் அடையாளங்களாக நான்கைச் சொன்னார்: வேதமே அதிகாரம், சிலுவையே மையம், ஒவ்வொருவரும் மனந்திரும்ப வேண்டும், விசுவாசம் செயலில் தெரிய வேண்டும். இவற்றோடு திரித்துவத்தையும் கிறிஸ்துவின் தெய்வத்துவத்தையும் சேர்த்துக்கொண்டால் வகுப்புப் பாடத்திட்டம் ஏறக்குறைய முடிந்தது. இந்தப் பாடங்களைத் தாங்கும் வசனங்கள் ஓ.வி.யில் எப்படி ஒலிக்கின்றன, முதல்முறை கேட்பவர் காதில் என்னவாக விழுகின்றன என்று பார்க்கலாம்.

முதல் சறுக்கல் முதல் வாரமே வரும். சொல்: விசுவாசம்.

சபைக்குள் வளர்ந்தவருக்கு இதில் எந்தச் சிக்கலும் தெரியாது. வெளியிலிருந்து வருபவருக்கு விசுவாசம் என்றால் எஜமானுக்குக் காட்டும் நன்றி. நாய்க்கு உள்ள குணம், கட்சித் தொண்டனுக்கு உள்ள குணம். அவர் யோவான் 3:16-ல் ‘விசுவாசிக்கிறவன் எவனோ’ என்று படிக்கும்போது, ‘கடைசிவரை விலகாமல் உண்மையாக இருப்பவன்’ என்று எடுத்துக்கொள்கிறார். அதாவது, கிரியையினால் (நம் செயலால்) அல்ல என்று சொல்ல வந்த வசனத்திலேயே கிரியை பின்வாசல் வழியாக நுழைந்துவிடுகிறது. தலையாட்டிக்கொண்டே கேட்பார், தவறு வெளியே தெரியாது. நான்காவது வாரம், ‘இத்தனை நாள் விசுவாசமாக இருந்தும் ஆண்டவர் ஏன் கேட்கவில்லை’ என்று கேட்பார். அப்போதுதான் பிடிபடும்.

மருந்து ஓ.வி.க்குள்ளேயே இருக்கிறது. ரோமர் 4:20, 21-ஐத் திறந்து ஆபிரகாம் என்ன செய்தான் என்று பார்க்கச் சொல்லுங்கள். தேவன் வாக்குத்தத்தம்பண்ணினதை நிறைவேற்ற வல்லவர் என்று ‘முழு நிச்சயமாய் நம்பி’ என்று அங்கே இருக்கிறது. மொழிபெயர்ப்பாளரே ‘நம்பி’ என்ற சொல்லைப் போட்டு உதவுகிறார். கூடவே யாக்கோபு 2:19-ஐயும் வாசித்துவிட வேண்டும். ‘பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன’ என்பதால், வெறும் ஒப்புக்கொள்ளல் போதாது என்பதும் அதே நாளில் தெளிவாகிவிடும்.

சரி, ‘நம்பிக்கை’ என்று போட்டிருக்கும் மொழிபெயர்ப்பையே வாங்கிவிடலாமே? அங்கே வேறொரு முடிச்சு. 1 கொரிந்தியர் 13:13 ஓ.வி.யில் ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’. ஒரே சொல், ஒன்றில் இரண்டாவது இடம், மற்றொன்றில் முதல் இடம். வகுப்பில் பாதிப்பேர் கையில் ஒன்றும் மீதிப்பேர் கையில் மற்றொன்றும் இருந்தால், ‘நம்பிக்கை’ என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும் இரண்டு பாடம் நடக்கும். மூலநூலாக ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை ஒப்பிடுவதற்கு மட்டும் திறப்பது நல்லது.

அடுத்தது இன்னும் கனமானது: நீதிமானாக்கப்படுதல். சீர்திருத்தச் சபைகளின் முதுகெலும்பு இந்த உபதேசம். கிரேக்கச் சொல்லின் புழக்கம் நீதிமன்றத்தில். நீதிபதி ஒருவரை ‘குற்றமற்றவன்’ என்று தீர்ப்புச் சொல்வது. தமிழிலோ ‘-ஆக்கு’ என்ற துணைவினை பொருளையே மாற்றிவிடும். மாவைத் தோசையாக்குகிறோம், கெட்டவனை நல்லவனாக்குகிறோம். ஆகவே ‘நீதிமானாக்குகிறார்’ என்றால் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி நல்லவனாக மாற்றுகிறார் என்றுதான் தமிழ்க் காது கேட்கும். அது பரிசுத்தமாகுதல், வேறு பாடம். இரண்டும் கலந்தால் வகுப்பில் இருப்பவருக்கு இரட்சிப்பின் நிச்சயம் ஒருபோதும் வராது. ‘நான் இன்னும் முழுசா மாறலையே’ என்பார். அவர் பக்கம் தவறில்லை, இலக்கணம் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறது.

இதற்கு மூன்று இடங்களை இந்த வரிசையிலேயே வாசிக்க வேண்டும். முதலில் உபாகமம் 25:1. நியாயாதிபதிகள் ‘நீதிமானை நீதிமான் என்றும், குற்றவாளியைக் குற்றவாளி என்றும் தீர்க்கக்கடவர்கள்’. நீதிபதி யாரையும் அங்கே மாற்றுவதில்லை, அறிவிக்கிறார். பிறகு ரோமர் 8:33, 34. குற்றஞ்சாட்டுகிறவன் யார், நீதிமான்களாக்குகிறவர் யார், ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறவன் யார் என்று முழுக்க வழக்காடுமன்றம். கடைசியாக ரோமர் 4:5. ‘அவனுடைய விசுவாசமே அவனுக்கு நீதியாக எண்ணப்படும்’. இந்த ‘எண்ணப்படும்’ கணக்கேட்டுச் சொல். வரவு வைப்பது. ‘ஆக்கப்படும்’ என்று கேட்ட காதுக்கு ‘எண்ணப்படும்’ என்பதைக் கேட்கவைத்தால் பாதி வேலை முடிந்தது. வரிசையை மாற்றி ரோமர் 3-ல் தொடங்கினால் இருபது நிமிடம் வீணாகும். அங்கே 23-லிருந்து 26 வரை வாக்கியம் அவ்வளவு நீளம். அதுவும் ஓ.வி.யின் தமிழ் முக்கிய வினையைப் பின்னுக்குத் தள்ளி 25, 26 இரண்டு வசனத்தையும் ஒன்றாக முடிச்சுப்போட்டிருக்கிறது. வாக்கியம் எங்கே முடிகிறது என்று தேடுவதற்குள் பொருள் நழுவிவிடும்.

திருவிவிலியம் இதே இடத்தில் ‘ஏற்புடையோர் ஆகின்றனர்’ என்கிறது. தமிழ் அழகு. மாற்றம் என்ற தவறான பொருளும் வராது. ஆனால் நீதிமன்ற வாசனையே போய்விடுகிறது. ‘நீதி’ என்ற வேர்ச்சொல் மறைந்ததும், தேவன் தாமும் நீதியுள்ளவராக இருந்துகொண்டே பாவியையும் நீதிமானாக்குகிறார் என்ற பவுலின் வாதத்தின் கொக்கி கழன்றுபோகிறது. இந்தப் பாடத்தில் ஓ.வி. சறுக்கினாலும், விளக்கிவிட்டால் அதுவே மேல்.

யாக்கோபு 2:24 எப்படியும் யாராவது கேட்பார்கள். ‘விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்’ என்று அச்சில் இருக்கிறதே என்று. தள்ளிப்போடாமல் எபேசியர் 2:8, 9-ஐ வாசித்த கையோடு பத்தாம் வசனத்தையும் வாசித்துவிடுங்கள். நற்கிரியை அங்கே நிபந்தனையாக வரவில்லை, சிருஷ்டிக்கப்பட்டதன் நோக்கமாக வருகிறது. ஒன்பதில் நிறுத்துவது பழகிப்போன கெட்ட பழக்கம். மனப்பாட அட்டைகளே அங்கேதான் நிறுத்துகின்றன.

ஓ.வி. உண்மையிலேயே ஜொலிக்கும் இடம் சிலுவைப் பாடம். ரோமர் 3:25-ன் ‘கிருபாதார பலி’ முதலில் கேட்க மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் யாத்திராகமம் 25:17-ஐத் திறந்து பாருங்கள். உடன்படிக்கைப் பெட்டியின்மேல் வைக்க பசும்பொன்னில் ஒரு மூடி செய்யச் சொல்கிறார், இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம். அதன் பெயர் ‘கிருபாசனம்’. ஆண்டுக்கு ஒருமுறை பிரதான ஆசாரியன் இரத்தம் தெளித்த இடம் (லேவியராகமம் 16). பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பு அந்த மூடிக்குப் போட்ட அதே சொல்லைத்தான் ரோமர் 3:25-ல் பவுல் எழுதுகிறார். ஓ.வி. இரண்டு இடத்திலும் ‘கிருபா’ என்ற வேரை வைத்து அந்தத் தொடர்பைத் தமிழில் காப்பாற்றியிருக்கிறது. வகுப்பில் ஒரு தாளை 25-க்கு 15 என்ற விகிதத்தில் வெட்டி மேசையில் வைத்து, இதுதான் மூடி, இங்கேதான் இரத்தம் என்று காட்டினால் போதும், சொல் தானாக விளங்கும்.

இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. எபிரெயர் 4:16-ல் ‘தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்’ என்று வருகிறது. கிரேக்கத்தில் அது வேறு சொல், கிருபையின் சிங்காசனம். மூடி அல்ல. ஆனால் எபிரெயர் 9:5-ல் வரும் ‘கிருபாசனம்’ மூடியேதான். ஒரே தமிழ்ச்சொல், இரண்டு பொருள். ஒத்தவாக்கியத்தை (ஓரத்தில் தரப்படும் இணை வசனக் குறிப்பை) பிடித்துக்கொண்டு போகும் போதகர்கள் இந்த இடத்தில் பெட்டியின் மூடிக்குப் பக்கத்தில் நம்மைக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்துவதைப் பல பிரசங்கங்களில் கேட்கலாம்.

‘கிருபாதார பலி’யில் குறை ஒன்றே ஒன்று: கோபம் தெரிவதில்லை. தேவகோபம் தணிக்கப்பட்டது என்ற பகுதி அந்தச் சொல்லுக்குள் இல்லை. அதனால் ரோமர் 1:18-ன் ‘தேவகோபம்’, 3:25, பிறகு 5:9-ன் ‘கோபாக்கினைக்கு நீங்கலாக’, இந்த மூன்றையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். திருவிவிலியத்தின் ‘கழுவாய்’ புறநானூற்றில் இருக்கும் பழஞ்சொல், பரிகாரம் என்ற பொருளைச் சட்டெனத் தரும். தமிழ் ஆசிரியர் யாராவது வகுப்பில் இருந்தால் அதைச் சொல்லி அவரை மகிழ்விக்கலாம். மூடியோடு உள்ள உறவு மட்டும் அதில் கிடைக்காது.

மனந்திரும்புதல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மனம், திரும்புதல் என்று இரண்டு துண்டும் கைக்கெட்டும் தமிழ். ஆனால் ‘மறுபடியும் பிறத்தல்’ என்ற பாடத்தை நம் ஊரில் கவனமாகக் கையாள வேண்டும். யோவான் 3:3-ன் ‘மறுபடியும் பிறவாவிட்டால்’ பரவாயில்லை. தீத்து 3:5-ல் ‘மறுஜென்ம முழுக்கு’ என்று வருகிறதே, அதுதான் வம்பு. ஏழேழு ஜென்மம் என்று கேட்டு வளர்ந்தவருக்கு மறுஜென்மம் என்றால் செத்து அடுத்த பிறவி எடுப்பது. இயேசுவும் அதைத்தான் சொன்னார் என்று முடித்துவிடுவார். எபிரெயர் 9:27-ன் ‘ஒரேதரம் மரிப்பதும்’ என்ற வரியை முதலில் வாசித்துவிட்டு அதன்பின் தீத்துவுக்குப் போவது பாதுகாப்பு. அந்த ‘முழுக்கு’ தண்ணீரையா ஆவியானவரின் கழுவுதலையா குறிக்கிறது என்பதில் சபைகளுக்குள்ளேயே கருத்து வேறு. வகுப்பில் அந்தப் போரைத் தொடங்க வேண்டாம்.

கிறிஸ்துவின் தெய்வத்துவம் கற்பிக்க ஓ.வி. அருமையான கருவி. ரோமர் 10:9-ல் ‘கர்த்தராகிய இயேசு’; 10:13-ல் ‘கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுகிற எவனும்’. அந்த வரி யோவேல் 2:32-லிருந்து எடுத்தது, அங்கே ‘கர்த்தர்’ என்பது இஸ்ரவேலின் தேவனுடைய பெயருக்குப் பதிலாக நிற்கும் சொல். மூன்று இடத்திலும் ஒரே தமிழ்ச்சொல் இருப்பதால், யோவேல் யாரைத் தொழச் சொன்னாரோ அவர் இடத்தில் பவுல் இயேசுவை வைக்கிறார் என்பது எந்த அடிக்குறிப்பும் இல்லாமல் தெரிகிறது. (திருவிவிலியத்திலும் ‘ஆண்டவர்’ என்ற சொல் இதே வேலையைச் செய்கிறது.)

தமிழின் திணையும் இங்கே கைகொடுக்கிறது. யோவான் 1:1-ல் ‘வார்த்தை இருந்தது’ என்று அஃறிணை. அடுத்த வசனத்திலேயே ‘அவர் ஆதியிலே தேவனோடிருந்தார்’ என்று உயர்திணைக்கு மாறிவிடுகிறது. வெறும் சத்தமோ தத்துவமோ அல்ல, ஆள் என்பதை அந்த ஒரு விகுதியே சொல்லிவிடும். பரிசுத்த ஆவிக்கும் அப்படியே. ரோமர் 8:16-ல் ‘ஆவியானவர்தாமே… சாட்சிகொடுக்கிறார்’. இட்லியில் ஆவி பறக்கும், புளியமரத்தில் ஆவி உலவும் என்று இருக்கும் ஊரில் இந்த ‘ஆனவர்’ என்ற ஒட்டு எவ்வளவு பெரிய உதவி என்று மொழிபெயர்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வகுப்பில் ‘ஆவி வந்தது’ என்று பேசுபவரை இந்த வசனத்தால் மென்மையாகத் திருத்தலாம்.

ஆனால் திரித்துவத்துக்கு ஓ.வி.யில் எல்லாரும் முதலில் தேடிப்போகும் வசனத்தைத் தொடாதீர்கள். 1 யோவான் 5:7-ல் ‘பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி’ என்று மூவரையும் சொல்லி, ‘இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்’ என்று இருக்கிறது. பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இந்த வரி கிடையாது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்த அறிஞர் எராஸ்மஸ் தம் பதிப்பில் 1516-லும் 1519-லும் இதைச் சேர்க்கவில்லை, 1522-ல்தான் சேர்த்தார். அந்த மரபைப் பின்பற்றிய மொழிபெயர்ப்புகள் வழியாக ஓ.வி.க்கும் வந்துவிட்டது. திருவிவிலியத்தில் இல்லை. கைப்பேசியில் வேறு மொழிபெயர்ப்பை வைத்திருக்கும் கல்லூரி மாணவர் ‘என் பைபிள்ல இது இல்லையே’ என்றதும், நீங்கள் கட்டிய பாடம் முழுவதும் ஆட்டம் காணும். மத்தேயு 28:19, 2 கொரிந்தியர் 13:14 இரண்டும் போதும், இவற்றில் இப்படிப்பட்ட சர்ச்சை இல்லை.

ஞானஸ்நான வகுப்புக்கே உரிய இன்னொரு வசனமும் இதே கதைதான். அப்போஸ்தலர் 8:37, ‘நீர் முழு இருதயத்தோடும் விசுவாசித்தால் தடையில்லை’. பிலிப்பு இப்படிச் சொல்ல, எத்தியோப்பிய மந்திரி அழகாக அறிக்கைசெய்கிறார். மிகப் பழைய பிரதிகளில் இல்லை. பல புதிய மொழிபெயர்ப்புகள் 36-லிருந்து நேரே 38-க்குத் தாவும். விசுவாசித்த பிறகே ஞானஸ்நானம் என்ற பாடத்தை இதன்மேல் மட்டும் நிறுத்தாமல், அப்போஸ்தலர் 2:38, 41 மேல் நிறுத்துங்கள்.

வேதத்தின் அதிகாரம் குறித்த 2 தீமோத்தேயு 3:16 பற்றி ஒரு வரி. ஓ.வி.யின் ‘தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது’ என்பது ‘தேவன் ஊதியது’ என்ற மூலச்சொல்லுக்குத் திருவிவிலியத்தின் ‘தூண்டுதல்’ என்பதைவிட நெருக்கம். தூண்டுதல் எந்தக் கவிஞனுக்கும் வரும். ‘வேதவாக்கியங்களெல்லாம்’ என்று பன்மையில் தொடங்கி ‘இருக்கிறது’ என்று ஒருமையில் முடிவதைத் தமிழாசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். சுழிக்கட்டும், உபதேசத்துக்குச் சேதமில்லை. உயிர்த்தெழுதலுக்கு 1 கொரிந்தியர் 15:3, 4 எந்த மொழிபெயர்ப்பிலும் தெளிவு.

இனி வாங்கும் விஷயம். திருவிவிலியத்தை ஒப்பீட்டுக்காக வாங்கினால் கத்தோலிக்கப் பதிப்பில் 73 புத்தகம் இருக்கும். ‘இணைத் திருமுறை’ என்ற பகுதி கூடுதல். சுவிசேஷ சபைகள் வேதமாக ஏற்கும் புத்தகங்கள் 66 மட்டும் என்பதை முதல் வாரமே சொல்லிவிட்டால், யூதித்து எங்கே, தோபித்து எங்கே என்ற தேடல் வராது. புத்தகப் பெயர்களும் வேறு: ஆதியாகமம் அங்கே தொடக்கநூல், சங்கீதம் அங்கே திருப்பாடல்கள். ஒரு அட்டையில் இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

ஓ.வி.யில் கற்பிப்பவருக்கு ஒத்தவாக்கியப் பதிப்பு வேண்டும், கற்பவருக்குப் பெரிய எழுத்துப் பதிப்பு வேண்டும். இரண்டையும் ஒரே புத்தகத்தில் தேடினால் செங்கல் கனத்தில் ஒன்று கிடைக்கும், இரண்டாவது வாரம் யாரும் தூக்கிவர மாட்டார்கள். ஒத்தவாக்கியப் பதிப்பைச் சோதிக்க ரோமர் 4:3-ஐத் திறந்து பாருங்கள். ஓரத்தில் ஆதியாகமம் 15:6 இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பதிப்பு உபதேச வேலைக்கு உதவாது. அடுத்து, நடுமடிப்பில் எழுத்து விழுங்கப்படுகிறதா என்பதை ரோமர் பக்கத்திலேயே பாருங்கள். புத்தகத்தின் கடைசிக் கால்பகுதியில் வருவதால் தையல் சரியில்லாத பிரதி அங்கேதான் மூடிக்கொள்ளும். தாள் மெலிது, பந்துமுனைப் பேனா அழுத்தினால் பின்பக்க வசனத்தில் தழும்பு தெரியும், திரவ மார்க்கர் ஊறிவிடும். மெழுகு வகை உலர் மார்க்கரோ சாதாரண நிறப் பென்சிலோதான் சரி. ஜிப் உறை பார்க்க அழகு, ஆனால் பல்வரிசை தாளின் மூலையைக் கடிக்கும்.

செயலியில் தேடுபவர்களுக்கு ஒன்று. ஓ.வி. சொற்களைச் சேர்த்தே எழுதும், அதனால் தேடல் ஏமாற்றும். ‘நீதிமானாக்க’ என்று தட்டினால் ரோமர் 3:28 வரும், 3:24 வராது. அங்கே ‘நீதிமான்களாக்கப்படுகிறார்கள்’ என்று பன்மை நடுவில் புகுந்திருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டும். ‘கிருபாதார பலி’யைச் சில செயலிகள் இடைவெளி விட்டும் சில சேர்த்தும் வைத்திருக்கின்றன. ‘கிருபாதார’ என்பதோடு நிறுத்தித் தேடினால் ரோமர் 3-ல் உள்ள இடமும் 1 யோவான் 2:2-ம் சேர்ந்தே வரும்.